கூம்புக் குண்டுக்கு அடியில் தக்கை: வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிளுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

உருண்டைக் குண்டை எண்ணெய் தோய்த்த துணியில் பொதிந்து கெட்டித்தால் அந்தத் துணியே வாயுவுக்கு அடைப்பாகிவிடும். கூம்புக் குண்டுக்கு அந்த வசதி இல்லை. வெறும் ஈயம் நேராகக் குழலுக்குள் இறங்கி வெடிமருந்தின் மேல் உட்காருகிறது. மருந்து வெடித்ததும் குண்டின் அடிப்பாகம் பிதுங்கி, குழலுக்குள் சுருளாக வெட்டிய புரிப் பள்ளங்களை நிரப்பினால் வாயு பின்னாலேயே நிற்கும். நிரப்பாவிட்டால் பக்கவாட்டில் பீறிட்டுக்கொண்டு முன்னால் ஓடும். அந்த இடுக்கை அடைக்கத்தான் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே தக்கை வைக்கிறார்கள். கம்பளி ஃபெல்ட்டிலோ கெட்டி அட்டையிலோ வெட்டிய ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். ஆனால் எந்தக் குண்டுக்கு, எந்த அளவில், எந்த வரிசையில் என்பதில் பிசகினால், தக்கையே இல்லாமல் சுட்டதைவிடக் குறி மோசமாகும்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். இங்கே சொல்வதெல்லாம் கருமருந்துக்கும், அதற்கு மாற்றாக விற்கப்படும் மருந்துகளுக்கும் மட்டுமே. நவீன புகையில்லா மருந்து இந்தத் துப்பாக்கிகளில் ஒரு சிட்டிகைகூடப் போகக்கூடாது, குழல் பிளந்துவிடும். அடுத்தது, மருந்தின் உச்ச அளவு. அது உங்கள் துப்பாக்கியைச் செய்தவர் கொடுத்த கையேட்டில் இருக்கும். இந்தக் கட்டுரையில் வரும் எண்ணுக்கும் கையேட்டு எண்ணுக்கும் முரண்பாடு வந்தால் கையேடே சரி.

தக்கை எதைச் சரிசெய்யும், எதைச் சரிசெய்யாது

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். எரியும் மருந்தின் வாயு அதைவிடப் பல மடங்கு சூடானது. ஆனாலும் குண்டு முழுக்க உருகுவதில்லை, அதற்கு நேரம் போதாது. சேதம் வருவது இடுக்கில்தான். புரிப் பள்ளத்துக்கும் குண்டுக்கும் நடுவே மெல்லிய வழி கிடைத்தால், அதில் பாயும் வாயு ஊதுகுழல் நெருப்புபோல ஈயத்தை அரித்துக் குழல் சுவரில் பூசிவிடும். அடிவிளிம்பு ஒரு பக்கம் அரிக்கப்பட்ட குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்போது வாயு எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் தப்பாது. ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், குண்டு கோணலாகும். கூம்புக் குண்டின் குறிக்கு அதன் அடிவிளிம்புதான் உயிர்நாடி. மூக்கு நசுங்கியிருந்தால்கூடப் பெரிதாகத் தெரியாது, அடி கெட்டால் தெரியும்.

தக்கை அந்த அடியைக் காக்கிறது. கூடவே குண்டின் பள்ளங்களில் தடவிய கொழுப்பு வெயிலில் இளகி மருந்துக்குள் இறங்காமலும் தடுக்கிறது. மசகு ஊறிய ஃபெல்ட் என்றால், போகிற போக்கில் குழலிலுள்ள கசடையும் இளக்கிவிட்டுப் போகும். கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது என்பதால் இந்த உதவி சாதாரணமானதல்ல.

புரியின் சுற்றைத் தக்கையால் மாற்ற முடியாது. உருண்டைக் குண்டுக்கென்று செய்த குழல்களில் 60 முதல் 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும். நீளமான கூம்புக் குண்டு நிலைத்துப் பறக்க அதைவிட வேகமான சுற்று, ஏறக்குறைய 28 முதல் 38 அங்குலத்துக்கு ஒன்று வேண்டும். 48 அங்குலத்துக்கு ஒன்று என்பது இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம். குட்டையான கூம்புக் குண்டுகளைப் பெரும்பாலும் ஏற்கும், நீளமானவற்றை ஏற்காது. அட்டையில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவோ சாவித்துளை மாதிரியோ விழுந்தால், குண்டு பக்கவாட்டில் புரண்டுகொண்டு போகிறது என்று பொருள். அப்போது தக்கையை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. குட்டைக் குண்டுக்கு மாறுங்கள், இல்லையென்றால் அந்தக் குழலில் உருண்டைக் குண்டையே சுடுங்கள். (1853 என்ஃபீல்டு ராணுவ ரைஃபிளில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான், அதிலும் கூம்புக் குண்டு போனது என்று கேட்பவர்கள் உண்டு. அது .577 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் .577 அங்குலம்; அகலத்தோடு ஒப்பிட்டால் குண்டு குட்டை.)

எந்தக் குண்டுக்கு அடியில் வைக்கலாம்

தட்டை அடி கொண்ட குண்டுகளுக்குத்தான் தக்கை. மாக்ஸி-பால் வகையில் (.50 காலிபரில் 370 கிரெய்ன் எடை; 15 கிரெய்ன் ஏறக்குறைய ஒரு கிராம்) முன்வளையம் மட்டும் குழல்வாயில் புரியைக் கடித்துக்கொண்டு இறங்கும். அடிப்பகுதி சுலபமாக நுழைவதற்காகக் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்கம்தான் வாயுவுக்குக் கிடைக்கும் வழி. லீ ரியல் அச்சில் வார்த்த குண்டுகளும் (.50 காலிபரில் 250, 320 கிரெய்ன்) இதே குணம். இவற்றுக்குத் தக்கை நன்றாக வேலை செய்யும்.

கட்டைவிரலால் தள்ளினாலே நழுவி இறங்கும் குண்டுகள் இன்னொரு வகை. இவை வெடிப்பின் தாக்கத்தால் குட்டையாகிப் பருத்துத்தான் புரியைப் பிடிக்கின்றன. பருப்பதற்குச் சில நொடித்துளிகள் ஆகும். அதுவரை வாயுவைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும் என்பதால் தக்கையின் பலன் இவற்றில்தான் அதிகம் தெரியும். ஒரு நிபந்தனை: ஈயம் சுத்தமாக, மிருதுவாக இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் பளிச்சென்று தடம் விழ வேண்டும். வண்டிச் சக்கரத்தைச் சமன்செய்யும் எடைகளை உருக்கி வார்த்த கடின ஈயம் பருக்காது, தக்கை வைத்தாலும் அது சுமாராகத்தான் சுடும்.

அடி குடைந்த குண்டுகளுக்கு, அதாவது மினியே வகைக்கு, வழக்கமாகத் தக்கை வேண்டாம். 1849-இல் வந்த மினியே குண்டின் குடைவுக்குள் ஓர் இரும்புக் கிண்ணம் இருந்தது. அது முன்னால் அழுந்தி ஓரத்தை விரிக்கும். பிறகு அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச் சாலையில் ஜேம்ஸ் பர்ட்டன் கிண்ணமே இல்லாமல் வாயுவாலேயே ஓரம் விரியும்படி மாற்றினார். இன்று வார்க்கும் மினியே குண்டுகள் அந்த வழியில் வந்தவை. வாயு குடைவுக்குள் புகுந்தால்தான் ஓரம் விரியும். நடுவில் கெட்டி அட்டையை வைத்து மறைத்தால் விரிவது தடைப்படலாம். மெத்தென்ற ஃபெல்ட் வைத்தால் அது குடைவுக்குள் அடைத்துக்கொண்டு குண்டோடு பறக்கும். ஒரு குண்டில் விழும், ஒன்றில் விழாது. குறி சிதற அது ஒன்றே போதும். மினியே சரியாகச் சுடவில்லை என்றால் குண்டின் விட்டத்தையும் ஓரத்தின் கனத்தையும் மருந்தின் அளவையும் பாருங்கள், தக்கையைத் தேடாதீர்கள்.

பவர்பெல்ட் போன்ற கடைக் குண்டுகளுக்கு அடியில் பிளாஸ்டிக் அடைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சபோ எனப்படும் பிளாஸ்டிக் உறைக்குள் போகும் குண்டுகள் தனிக் கதை. அமெரிக்காவின் கொலராடோ மாதிரி சில இடங்களில் வாய்வழித் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் சபோவுக்கும் மாத்திரை வடிவ மருந்துக்கும் தடை இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் வெறும் ஈயக் கூம்புக் குண்டும் உதிரி மருந்தும்தான் வழி என்பதால் தக்கையைப் பற்றி ஆர்வம் அதிகம். தக்கைக்கு ஏதும் விதி உண்டா என்று அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருளும் கனமும்

முதல் தேர்வு கம்பளி ஃபெல்ட், 3 மில்லிமீட்டர் கனம் (அங்குலக் கணக்கில் எட்டில் ஒன்று). கம்பளி கருகும், உருகாது. அமுங்கும், மறுபடி விரியும். கைவினைக் கடைகளில் வண்ணவண்ணமாகக் கிடைக்கும் மலிவு ஃபெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர். அது உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். வாங்கியதில் ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, கரியை விரலால் நசுக்கினால் பொடியானால் கம்பளி. சுருண்டு கெட்டியான மணியாக உறைந்தால் செயற்கை நூல், அந்தத் துணி துப்பாக்கிக்கு ஆகாது.

இரண்டாவது, தாவர நாரில் செய்த கெட்டி அட்டை. 0.75, 1.5 மில்லிமீட்டர் என இரண்டு கனங்களில் வருவது வழக்கம். ஃபெல்ட்டைப் போல விரியாது, ஆனால் விறைப்பாக நின்று குண்டின் தட்டை அடியைச் சமமாகத் தாங்கும். புரிப் பள்ளம் ஆழம் குறைந்த குழல்களில் அட்டை மட்டுமே போதுமானதாக இருக்கும். பள்ளம் ஆழமானால் ஃபெல்ட் வேண்டும்.

செய்தித்தாளைக் கசக்கி வைப்பது, பஞ்சு, ஸ்பாஞ்ச், மெல்லிய அட்டைப்பெட்டித் துண்டு எல்லாம் தவிர்க்க வேண்டியவை. கனன்றுகொண்டே வெளியே போய் விழுவதும், குழலுக்குள் நெருப்புத் துணுக்கை விட்டுவைப்பதும் இவைதான். பழைய வேட்டைக்காரர்கள் காகிதம் போன்ற குளவிக்கூட்டைப் பிய்த்து வைத்தார்கள். சுலபத்தில் தீப்பற்றாது என்பதால் அது உண்மையிலேயே நல்ல பொருள். ஒவ்வொரு தடவையும் ஒரே கனத்தில் வைக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

வெட்டுவது

தக்கையின் விட்டம் குழலின் பெயரளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். .50 காலிபர் என்றால் மேட்டிலிருந்து மேட்டுக்கு 12.7 மில்லிமீட்டர், பள்ளத்தின் அடியிலிருந்து அடிக்கு 13-ஐத் தாண்டும். தக்கை அடைக்க வேண்டியது பள்ளத்தை. ஆகவே ஃபெல்ட்டை 13.5 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். .54-க்கு 14.5, .45-க்கு 12. அட்டை விரிந்து கொடுக்காது, அதைப் பள்ளத்தின் விட்டத்துக்குச் சரியாக வெட்டினால் போதும். அரை அங்குல பன்ச் (வட்டமாக வெட்டும் குழாய் உளி) கையில் இருக்கிறது என்று அதையே .50-க்குப் பயன்படுத்துவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அந்தத் தக்கை மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், வாயு போகும் பள்ளங்கள் திறந்தே கிடக்கும்.

பன்ச் கூராக இருக்க வேண்டும். மொக்கை பன்ச் ஃபெல்ட்டை வெட்டாமல் முதலில் அமுக்கும். கையை எடுத்ததும் ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாக எழும். மரக்கட்டையின் குறுக்குவெட்டுப் பக்கத்தின் மேல் வைத்து, ஒரே அடுக்காக, ஒரே அடியில் வெட்டுங்கள். 30 சென்டிமீட்டர் சதுர ஃபெல்ட்டில் 15 மில்லிமீட்டர் இடைவெளியில் வெட்டினால் 400 தக்கை கிடைக்கும்.

மசகு

தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் எடைக்கு எடை பாதிப்பாதி. வெயில் காலத்தில் மெழுகைக் கொஞ்சம் கூட்டுங்கள், குளிரில் கொழுப்பைக் கூட்டுங்கள். கொழுப்பில் உப்பு துளியும் இருக்கக்கூடாது, குழல் துருப்பிடிக்கும். வண்டிக்குப் போடும் கிரீஸ் போன்ற பெட்ரோலிய மசகுகள் கருமருந்தின் கசடோடு சேர்ந்து தார்போல இறுகிவிடும், அவற்றைத் தொடாதீர்கள்.

உருக்குவது வெந்நீருக்குள் வைத்த பாத்திரத்தில்தான், நேர் நெருப்பில் அல்ல. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகிவிடும் என்பதால் கொதிக்கும் நீரின் சூடே தாராளம். தக்கைகளைப் போட்டுக் காற்றுக்குமிழி நின்றதும் எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தி மிச்சத்தைப் பிழியுங்கள். ஆறிய தக்கையை விரலால் நசுக்கினால் விரல் பிசுபிசுக்க வேண்டும், கொழுப்பு பிதுங்கி வரக்கூடாது. சொட்டச் சொட்ட ஊறிய தக்கையால் இரண்டு தொல்லை உண்டு. கீழே மருந்தை நனைக்கும்; மேலே குண்டின் அடியில் கோந்துபோல ஒட்டிக்கொண்டு கூடவே பறக்கும்.

இந்த இரண்டையும் தவிர்க்க எளிய வழி, உலர்ந்த 0.75 மில்லிமீட்டர் அட்டை. மருந்தின் மேல் ஓர் அட்டை, அதன்மேல் மசகுத் தக்கை, அதன்மேல் இன்னோர் அட்டை, பிறகு குண்டு. மூன்றும் சேர்ந்தால் கனம் 5 மில்லிமீட்டரை ஒட்டி வரும். கெட்டித்த உடனே சுடப்போகிறீர்கள் என்றால் கீழ் அட்டை அவசியமில்லை. மேல் அட்டையை விடாதீர்கள், தக்கை குண்டைவிட்டுப் பிரிவது அதனால்தான். ஆரம்பத்தில் இந்தச் சிக்கலே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் எளிய சேர்மானம்: உலர்ந்த ஃபெல்ட் ஒன்று, பள்ளங்களில் மசகு தடவிய குண்டு. முதல் நாளுக்கு இதுவே நல்லது.

மருந்து

கருமருந்தைக் கொள்ளளவால் அளக்கிறோம். .50 காலிபரில் 350 கிரெய்னைச் சுற்றியுள்ள குண்டுக்கு இரண்டு எஃப் (FFg என்று குறிக்கும் நடுத்தரப் பருமன்) மருந்து 60 கிரெய்னில் (ஏறக்குறைய 3.9 கிராம்) தொடங்கி, ஐந்தைந்தாக ஏற்றுங்கள். குறி சேரும் இடம் பெரும்பாலும் 70-க்கும் 90-க்கும் நடுவே அகப்படும். அதற்கு மேல் போனால் தோளுக்கு உதை கூடும், தக்கை கருகும், குறியில் லாபம் அரிது.

மாற்று மருந்துகளில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பேச்சு. ட்ரிபிள் செவன் அதே கொள்ளளவுக்குக் கருமருந்தைவிட வலுவானது, 15 சதவீதம் குறைத்துப் போடச் சொல்கிறார்கள் அதைச் செய்பவர்கள். தக்கை வைக்கலாமா, வைத்தால் எவ்வளவு கனம் என்பதற்கும் மருந்துப் புட்டியின் மேலும் கையேட்டிலும் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வைக்க வேண்டாம் என்று இருந்தால் வைக்காதீர்கள். கருமருந்தில் ஒத்துவந்த சேர்மானத்தை அப்படியே மாற்று மருந்துக்குக் கொண்டுபோவது சரியல்ல.

கெட்டிக்கும் வரிசை

முதலில் கெட்டிக்கும் கோலில் இரண்டு கோடு தேவை. காலிக் குழலில் கோலை இறக்கிக் குழல்வாய் மட்டத்தில் ஒரு கோடு. உங்கள் மருந்து, தக்கை, குண்டு எல்லாம் உட்கார்ந்தபின் இன்னொரு கோடு. தக்கைச் சேர்மானத்தை மாற்றினால் இரண்டாவது கோடும் சில மில்லிமீட்டர் மாறும் என்பதை மறக்கவேண்டாம்.

1. கோலை இறக்கிக் காலிக் கோட்டைச் சரிபாருங்கள். எண்ணெய் பூசி வைத்த குழல் என்றால் உலர்ந்த துணித்துண்டை இரண்டு தரம் விட்டுத் துடையுங்கள். பிறகு வெறும் கேப் (பொறி தரும் சிறு உலோக மூடி) ஒன்றிரண்டு வெடித்து, அது உட்காரும் நிப்பிளின் துளையை உலர்த்துங்கள். குழல்வாய்க்கு அருகே ஒரு புல்லை வைத்தால், கேப் வெடிக்கும்போது அது அசைய வேண்டும். அசையாவிட்டால் வழி அடைத்திருக்கிறது.

2. குதிரையை (கேப்பை அடிக்கும் சுத்தியலை) பாதி இழுத்த நிலையில் வையுங்கள். வெடித்த கேப்பை எடுத்துவிடுங்கள். தக்கை இறங்கும்போது அடியிலுள்ள காற்று நிப்பிள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே அடைப்பு இருந்தால் காற்று அமுங்கித் தக்கையை மேலே தள்ளும்.

3. மருந்தைக் குப்பியிலிருந்து தனி அளவைக் குழாயில் எடுத்து, அதிலிருந்து குழலுக்குள் கொட்டுங்கள். குப்பியிலிருந்து நேரே கொட்டக்கூடாது. உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் ஓர் அளவு எரிவதோடு போகாது, குப்பியே கையில் வெடிக்கும். கொட்டும்போதும் கெட்டிக்கும்போதும் முகமும் உடம்பும் குழல்வாய்க்கு நேராக வேண்டாம். குழலின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் மருந்து சமமாக அமரும்.

4. தக்கையைக் குழல்வாயில் தட்டையாக வைத்துக் குட்டைக்கோலால் அழுத்துங்கள். இங்கே இரண்டு முறை உண்டு. நழுவி இறங்கும் குண்டு என்றால் தக்கையை மட்டும் முதலில் மருந்துவரை இறக்கிவிட்டு, பிறகு குண்டைப் போடலாம். புரியைக் கடித்து இறங்கும் இறுக்கமான குண்டு என்றால் தக்கையையும் குண்டையும் சேர்த்தே இறக்குவது நல்லது. தக்கை தனியாகக் கீழே போயிருந்தால் இரண்டுக்கும் நடுவே சிக்கும் காற்றுக்கு வழி இல்லை. கோலை எடுத்ததும் குண்டு மேலே எழும்பக்கூடும். சேர்த்து இறக்கும்போது குண்டின் தட்டை அடியே தக்கையைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் என்பது இன்னொரு நன்மை.

5. குண்டின் பள்ளங்களில் மசகு தடவி, அடி கீழே இருக்க, நேராக வைத்து அழுத்துங்கள். கோணலாகத் தொடங்கிய குண்டு கோணலாகவே போகும். அதை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள்.

6. கோலைக் குழலுக்குச் சற்று மேலே, 15-20 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்துச் சின்னச் சின்ன அழுத்தங்களாக இறக்குங்கள். உயரத்தில் பிடித்துத் தள்ளினால் மரக்கோல் முறிந்து உள்ளங்கையில் ஏறும். குண்டு உட்கார்ந்ததும் ஒரே அளவான அழுத்தம் ஒருமுறை. கோலை எறிந்து இடிக்க வேண்டாம், குண்டின் மூக்கு நசுங்கும், மருந்து ஒரு தரம் பொடியாகும், ஒரு தரம் ஆகாது.

7. இரண்டாவது கோடு குழல்வாயோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேராமல் மேலே நின்றால் குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது. அந்த நிலையில் சுட்டால் குழல் வளையமாகப் புடைக்கலாம், வெடிக்கவும் வெடிக்கலாம். கோடு சேரும்வரை கேப்பைத் தொடாதீர்கள்.

8. குழலை இலக்குப் பக்கம் திருப்பியபின்தான் கேப்.

விழுந்த தக்கையைப் பொறுக்குங்கள்

சுட்ட தக்கை உங்களுக்கு எதிரே சில மீட்டர் தூரத்தில் கிடக்கும். சுடுகளத்தில் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்தபின் போய்ப் பொறுக்கிக்கொண்டு வாருங்கள். இலக்கு சொல்லாததை அது சொல்லும்.

ஒரு பக்கம் கருப்பேறி, விளிம்பைச் சுற்றிப் புரியின் தடம் பல்பல்லாகப் பதிந்து, வட்டம் உடையாமல் இருந்தால் அடைப்பு நன்றாக நடந்திருக்கிறது. விளிம்பு ஓரிடத்தில் மட்டும் எரிந்து பிறைபோலக் குறைந்திருந்தால் அந்தப் பக்கம் வாயு கசிந்தது: விட்டம் போதவில்லை, அல்லது தக்கை சாய்ந்து இறங்கியது. நடுவே ஓட்டை விழுந்திருந்தால் கனம் போதாது, மருந்தைக் குறைக்கலாம் அல்லது அடியில் ஓர் அட்டையைச் சேர்க்கலாம். விளிம்பில் புரித் தடமே இல்லையென்றால் தக்கை சிறியது, சந்தேகமே வேண்டாம். தக்கை எங்கேயுமே கிடைக்கவில்லை என்றால் ஒன்று அது சாம்பலாகிவிட்டது, இல்லை குண்டோடு ஒட்டிப் போய்விட்டது. ஐந்து முறை சுட்டு மூன்று தக்கைதான் கிடைத்தது, துளைகளிலும் இரண்டு தனியாக விலகி நிற்கிறது என்றால் ஒட்டிப் போவதுதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். நடுவே உலர் அட்டையைச் சேருங்கள்.

காய்ந்த புல்லில் விழுந்த தக்கை உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். கோடையில் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருப்பது நல்லது. வேகம் அளக்கும் கருவியை முன்னால் வைத்திருப்பவர்கள் குழல்வாயிலிருந்து 4.5 மீட்டராவது தள்ளி வையுங்கள். தக்கை பட்டால் கருவி தவறான எண்ணைக் காட்டும், சமயத்தில் உடைந்தும் போகும்.

இலக்கில் சோதிப்பது

50 மீட்டரில், துப்பாக்கியை மணல்மூட்டையில் தாங்கி, தக்கை இல்லாமல் ஐந்து, தக்கையோடு ஐந்து. இரண்டுக்கும் அதே மருந்து, அதே குண்டு, ஒவ்வொரு சுடுக்கும் இடையே அதே துடைப்பு. மூன்று துளையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் மருந்தின் அளவு, பிறகு தக்கையின் வகை, பிறகு மசகு. தக்கையைப் போட்டதும் துளைகள் ஒன்றாகச் சேர்ந்து, ஆனால் எல்லாமே சற்று மேலேயோ கீழேயோ நகர்ந்திருந்தால் அது நல்ல அறிகுறி. அடைப்பு மாறியதால் வேகம் மாறியிருக்கிறது, காட்சிக்குறியைத் திருத்திக்கொண்டால் போதும். தக்கை வைத்தும் வைக்காமலும் பரவல் ஒன்றாகவே இருக்கிறதா? அப்படியானால் உங்கள் குண்டு தானே நன்றாக அடைக்கிறது. தக்கையை விட்டுவிடலாம்.

துடைப்பதற்கு ஈரத் துணித்துண்டு ஒன்று, உலர்ந்தது ஒன்று. ஈரம் என்றால் நாக்கில் தொட்ட அளவு ஈரம்தான். துணி தொளதொளவென்று நனைந்திருந்தால் கரைந்த கசடு அடியில் தேங்கி நெருப்புத் துளையை அடைக்கும், அடுத்த சுடு பற்றாது. மசகுத் தக்கை வைப்பவர்கள் மூன்று நான்கு சுடுக்கு ஒருமுறை துடைத்தாலே போதும் என்பார்கள். குண்டு இறங்குவது கடினமானால் எண்ணிக்கை பார்க்காமல் துடையுங்கள், பலத்தால் இடிக்காதீர்கள்.

முதல் குண்டு எப்போதும் தனியே விழுகிறது, மற்றவை சேர்ந்து விழுகின்றன என்றால் தக்கையைக் குறை சொல்ல வேண்டாம். முதல் சுடு எண்ணெய்ப் பிசுக்குள்ள சுத்தக் குழலில் போகிறது, மற்றவை கசடு படிந்த குழலில். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அந்த முதல் குண்டுதான் முக்கியம் என்பதால், ஆல்கஹால் தோய்த்த துணியால் எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டுக் கெட்டித்துப் பாருங்கள்.

சுமந்துகொண்டு நடக்கும்போது

நழுவி இறங்கும் குண்டு நழுவி மேலேயும் வரும். குழல் கீழ்நோக்கியபடி தோளில் தொங்கினாலோ வண்டியில் குலுங்கினாலோ கனமான கூம்புக் குண்டு மெல்ல நகர்ந்து மருந்தைவிட்டு விலகும். அடியில் தக்கை இருப்பது இதைத் தடுக்காது. தக்கை கீழே நிற்கும், குண்டு மட்டும் போகும். சிலர் குண்டின் மேலும் ஒரு மெல்லிய ஃபெல்ட் வைத்துப் பிடித்து நிறுத்துகிறார்கள். அது உதவும், உத்தரவாதம் கிடையாது. குழலை மேல்நோக்கி வைத்து நடங்கள். கேப்பை எடுத்துவிட்டு, கோலை இறக்கி இரண்டாவது கோட்டை அவ்வப்போது பாருங்கள். இரண்டு விரலில் எடுத்துக் கவிழ்த்தாலே ஓடிவரும் அளவுக்குத் தளர்வான குண்டை நடைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

சுடாமல் இறக்க வேண்டியிருந்தால்

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே பிடித்து ஒரு நிமிடமாவது காத்திருங்கள். பிறகு புதிய கேப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வெடிக்காவிட்டால், அவசரத்தில் மருந்துக்கு முன்பே தக்கையைப் போட்டிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். கெட்டி ஃபெல்ட் அடியில் நெருப்புத் துளைக்கு எதிரே நின்றால் பொறி மருந்தைச் சேராது. மருந்தே போடாமல் தக்கையும் குண்டும் மட்டும் இறக்கியிருந்தால் கோல் இரண்டாவது கோட்டைவிட ஆழமாக இறங்கி நிற்கும். அப்போது நிப்பிளைக் கழற்றி அந்தத் துளை வழியாகச் சிட்டிகை சிட்டிகையாக மருந்தைத் தட்டி உள்ளே விட்டு, நிப்பிளை மாட்டி, கோலால் குண்டைத் தக்கையோடு மறுபடி அழுத்தி உட்காரவைத்து, பாதுகாப்பான பக்கம் சுட்டு வெளியேற்றலாம்.

மருந்து உள்ளே இருந்து நனைந்துவிட்டிருந்தால் முதலில் கேப்பை எடுங்கள். நிப்பிள் வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தைச் செயலிழக்கச் செய்த பின்னரே இழுக்கும் வேலை. கோலின் முனையில் திருகாணியைப் பொருத்தி ஈயத்துக்குள் முறுக்கிக் குண்டை இழுங்கள். குண்டு வந்தவுடன் வேலை முடிந்தது என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். தக்கை இன்னும் கீழேதான் இருக்கிறது, அதன் அடியில் ஈர மருந்தும். திருகாணியைக் கழற்றிவிட்டு இரட்டைச் சுருள் முனையை மாட்டி, அடிவரை இறக்கி வலமாக முறுக்கினால் ஃபெல்ட் அதில் மாட்டிக்கொண்டு வரும். அட்டைத் தக்கை பிய்ந்து பிய்ந்து வரும், எத்தனை வைத்தீர்களோ அத்தனையும் வந்ததா என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு குழலை வெந்நீர் விட்டுக் கழுவி, துணித்துண்டு வெள்ளையாக வரும்வரை துடைத்து, எண்ணெய் பூசி, கோலை இறக்கிக் காலிக் கோட்டைப் பாருங்கள்.